தானே எழுந்து நிற்க ஒரு மோட்டார் நாற்காலி: முதல்முறை செய்பவர்களுக்கு

பாம்பனில் என் பெரியப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்த பிறகு, நாற்காலியிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட மனமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அது தெரிந்த அன்றுதான் இந்த வேலையை ஆரம்பித்தேன்.

இது பின்பக்கம் மெல்ல உயர்ந்து, உட்கார்ந்தவரை முன்னால் தூக்கிவிடும் இருக்கை. எழுந்தபின் எதையாவது பிடித்துக்கொண்டு தன் காலில் நிற்கக்கூடியவருக்கு மட்டுமே இது பொருந்தும். தண்டுவடம் அடிபட்டு காலில் பலமே இல்லாதவரை இது கீழே தள்ளிவிடும். அவர்களுக்கு உடம்பைப் பட்டைகளால் தாங்கி நிற்கவைக்கும் சக்கர நாற்காலிகள் தனியாக இருக்கின்றன. சென்னை ஐஐடி 2019இல் அறிமுகம் செய்த ‘அரைஸ்’ அந்த வகை. உங்கள் வீட்டுக்கு எது சரி என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: ஆளை அளந்துகொள்ளுங்கள்

மோட்டாரை அப்புறம் பார்க்கலாம். செருப்போடு உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தால் இருக்கையின் உயரம் கிடைக்கும். கால் தளர்ந்தவருக்கு இரண்டு மூன்று செ.மீ. கூட்டி வையுங்கள், எழுவது சுலபமாகும். முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 5 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். பெரியப்பாவுக்கு 42 செ.மீ. வந்தது. கைப்பிடி இருக்கையின் முன் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீளட்டும். எழும்போது ஊன்றுவது அங்கேதான்.

படி 2: எவ்வளவு பலம் வேண்டும்?

கீல் இருக்கையின் முன் விளிம்பில் இருக்கும். மோட்டார் தள்ளும் இடம் கீலிலிருந்து பின்னால் போகப் போகக் குறைந்த பலமே போதும், கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் பிடிக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள அதே வித்தியாசம். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப்பகுதியை ஆட்கள் நெம்புகோலைத் தள்ளியே திறந்தார்கள். எதிர் எடையும் நெம்புகோலும் இருந்ததால்தான் மனிதக் கை அதற்குப் போதுமாக இருந்தது.

பெரியப்பாவின் எடை 65 கிலோ. அது கீலிலிருந்து 25 செ.மீ. தள்ளி அழுத்துவதாக வைத்துக்கொண்டேன். மோட்டார் தள்ளும் இடம் கீலிலிருந்து 30 செ.மீ. 65ஐ 25ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 54 கிலோ. தள்ளும் பலத்தை நியூட்டனில் சொல்வார்கள்; கிலோவுக்குப் பத்து என்று வைத்தால் ஏறத்தாழ 540 நியூட்டன். உராய்வுக்கும் குலுங்கலுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு, அதாவது 1080 நியூட்டனாவது வேண்டும். அதனால் 1500 நியூட்டன் மோட்டார் எடுத்தேன். இந்தக் கணக்கு மோட்டார் ஏறக்குறைய நேராக நிற்கும்போதுதான் சரி. படுத்தவாக்கில் வைத்தால் தேவை கிடுகிடுவென்று ஏறிவிடும்.

படி 3: மோட்டார்

கடையில் லீனியர் ஆக்சுவேட்டர் என்று கேளுங்கள். உள்ளே மோட்டார் ஒரு திருகைச் சுழற்ற, கம்பி நீளும். கரண்ட் போனாலும் அந்தத் திருகு தானாகப் பின்வாங்காத வகையா என்று விசாரித்து வாங்குங்கள். 12 வோல்ட், கம்பி 15 செ.மீ. நீளக்கூடியது, நொடிக்கு 10 மி.மீ. வேகம் போதும். 15 செ.மீ. நீண்டால் இருக்கை 30 பாகை சாயும். அதற்கு மேல் போனால் ஆள் வழுக்குவார். வேகம் கூடினால் தலைசுற்றும். ஆக்சுவேட்டரின் இரண்டு முனையையும் தாராளமாகத் திரும்பும்படி ஒரு பின்னில் (குறுக்கு முளையில்) மாட்டுங்கள், இறுக்கி முடுக்கினால் கம்பி வளைந்துவிடும்.

படி 4: மின்சாரம்

12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரி பல நாள் வரும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். சுவிட்ச் ஆறு முனை கொண்டதாக, கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்புவதாக இருக்க வேண்டும். நடு இரண்டு முனை மோட்டாருக்கு, மேல் இரண்டு பேட்டரிக்கு, மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கும் மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கும் குறுக்குக் கம்பி.

நான் முதலில் போட்டது அழுத்தினால் அப்படியே நிற்கிற சுவிட்ச். பாதியில் நிறுத்த முடியாமல் பெரியப்பா முன்னால் சரிந்தார், நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். அன்றே மாற்றினேன். சுவிட்ச் பலமுள்ள கையின் பக்கம், உட்கார்ந்திருப்பவரின் விரலில்தான் இருக்க வேண்டும். ரிமோட்டை வீட்டார் கையில் கொடுக்காதீர்கள்.

படி 5: உப்பும் மணலும்

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் செய்கிற நாற்காலியைப் போல நம் கரையில் செய்ய முடியாது. சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளி வரும். 316 ரகம் தாங்கும், விலைதான் அதிகம். நான் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் எடுத்தேன். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். வயர் முனைகளில் வாசலின் தடவுங்கள். மேற்குப் பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மணல் கீலுக்குள் ஏறும், அதற்கு ஒரு துணி உறை வேண்டும். இருக்கையின் மூன்று பக்கமும் துணி தொங்கவிட்டால் கைலியும் குழந்தைகளின் விரலும் இடுக்கில் சிக்காது. மேலே ரெக்சின் வேண்டாம், வியர்வையில் வழுக்கும். காடாத் துணி போதும்.

படி 6: சோதனை

25 கிலோ அரிசி மூட்டை நான்கைக் கட்டிவைத்து இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். நாற்காலி முன்னால் கவிழப் பார்த்தால் முன்கால்களை நீட்டுங்கள். மணல் முற்றமானால் கால்களுக்கு அடியில் பலகை கொடுங்கள். அப்புறம்தான் ஆள், அதுவும் இரண்டு பக்கமும் ஒருவர் நிற்க. இரண்டு வாரம் கழித்து போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். தொடையிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டார், சுவிட்சை நான்கு விரல் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். இப்போது பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் இருக்கிறது.