செல்லப்பிராணிப் படத்துக்கு உருப்படியான கருத்து வாங்குவது எப்படி?

வீட்டு நாயையோ பூனையையோ படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். ரெண்டு இதயம், ஒரு "ஆ, நல்ல வடிவு!", கனடாவில் இருக்கிற சித்தியிடமிருந்து "இவன் எவ்வளவு வளந்திட்டான்!" அதெல்லாம் அந்தப் பிராணிக்குக் கிடைத்த அன்பு. படம் எப்படி வந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்கிற விதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதல் வேலை: மூன்றே மூன்று படம்

ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்த படங்களில் மூன்றைத் தெரிவு செய்யுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று, கிட்டத்தட்ட அதே போல இருப்பது ஒன்று, ஏதோ சரியில்லை ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று நினைப்பது ஒன்று. அந்த மூன்றாவது படத்தில்தான் நீங்கள் அதிகம் படிப்பீர்கள், அதனால் வெட்கப்பட்டு அதை ஒளிக்காதீர்கள்.

அனுப்பும் முன் படத்தில் பிராணியின் கண் இருக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கமெராவுக்குக் கிட்ட இருக்கிற கண் கூர்மையாக இருக்கிறதா, அதில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி தெரிகிறதா, தலைக்குப் பின்னால் கிணற்றடி வாளியோ கொடியில் காயும் சாரமோ துருத்திக்கொண்டு நிற்கிறதா? இதெல்லாம் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியவை.

அனுப்பும் விதம்

வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், மயிரின் நுணுக்கம் எல்லாம் மங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். ஒன்று மட்டும் கவனம்: அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விபரமும் கூடவே போகலாம், வீட்டில் எடுத்த படம் என்றால் முன்கூட்டியே கமெரா அமைப்பில் இட விபரத்தை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி எழுதுங்கள்

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்றுதான் பதில் வரும். மூன்று வரி போதும்: என்ன எடுக்க நினைத்தீர்கள், எந்த வெளிச்சத்தில் எடுத்தீர்கள், எந்த ஒரு விஷயத்தில் சந்தேகம். இப்படி:

"அண்ணை, பின்னேரம் அஞ்சு மணிக்கு விறாந்தையில எடுத்தது. ஜிம்மி படலையைப் பாத்துக் காவல் இருக்கிற மாதிரி வரவேணும் எண்டு நினைச்சன். ரெண்டாவது படத்தில முகம் ஏன் தட்டையாத் தெரியுது?"

இப்படிக் கேட்டால் பதில் சொல்கிறவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

யாரிடம் கேட்பது?

இரண்டு வகை ஆட்கள் வேண்டும். ஒருவர் வெளிச்சம் தெரிந்தவர். கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுக்கிற படப்பிடிப்பாளர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு முகத்தைப் பார்த்த உடனே வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது என்று தெரியும். முகூர்த்த நாட்களில் தொந்தரவு செய்யாமல், வேலை குறைந்த நாளாகப் பார்த்து, படத்தைச் சின்னதாக அச்சடித்துக்கொண்டு நேரே போங்கள்.

மற்றவர் அந்தப் பிராணியைத் தெரிந்தவர். தினமும் சோறு வைக்கிற அம்மம்மாவாக இருக்கலாம். "இது பயந்துபோய் நிக்குது மோனை" என்று அவர் சொன்னால், கூர்மை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேளுங்கள். காது பின்னால் மடிந்திருப்பது, வால் காலுக்கிடையில் போயிருப்பது, கண்ணின் வெள்ளை அதிகம் தெரிவது எல்லாம் நாய் கலங்கியிருப்பதற்கான அடையாளம். என்னைக் கேட்டால் இந்தக் கருத்துத்தான் மிக முக்கியமானது.

கருத்தைச் செயலாக்குவது

அவர்கள் பேசும்போது இடையில் விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு கருத்தையும் "நான் என்ன மாற்ற வேண்டும்" என்று மாற்றி எழுதுங்கள்.

"கறுப்பு நாய் சாம்பல் நிறமா வந்திருக்கு" என்றால், கமெரா அந்தக் கறுப்பைப் பார்த்து இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது, நீங்கள் கொஞ்சம் குறைக்க வேண்டும். வெள்ளைப் பூனைக்கு இது நேர்மாறு, கூட்ட வேண்டும். போனில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, மேலும் கீழும் இழுத்தாலே பெரும்பாலும் போதும்.

"அசைஞ்சிருக்கு" என்றால் ஷட்டர் வேகம் போதாது, அதாவது கமெரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம் கூடிவிட்டது. ஓடுகிற நாய்க்கு 1/1000 செக்கன் அளவில் வையுங்கள், அசையாமல் இருக்கிற நாய்க்கு 1/250 செக்கன் போதும். "மூக்கு பெரிசாக் கிடக்கு" என்றால் மிகக் கிட்டப் போய்விட்டீர்கள், ரெண்டடி பின்னுக்கு வந்து 2 மடங்கு சூமில் எடுங்கள். "மேலேயிருந்து பாக்கிற மாதிரி" என்றால் நிலத்தில் இருந்து எடுங்கள், சாரம் அழுக்காகட்டும்.

"கண்ணில உயிரில்லை" என்பதைத்தான் ஆரம்பத்தில் அடிக்கடி கேட்பீர்கள். பிராணியை விறாந்தை நிழலின் விளிம்பில், திறந்த முற்றத்தைப் பார்த்தபடி இருத்துங்கள். வானத்து வெளிச்சம் கண்ணில் விழும், முற்றத்தில் வெள்ளை மணல் என்றால் அது கீழேயிருந்தும் வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். செம்மண் வளவில் அதே இடத்தில் வெள்ளைப் பூனையின் வயிறு சிவந்து தெரியலாம், அப்படியானால் ஒரு வெள்ளைத் துணியைக் கீழே விரித்துப் பாருங்கள். உச்சி வெயிலை மட்டும் விட்டுவிடுங்கள், பூனையின் கண்மணி கோடாகச் சுருங்கிவிடும்.

திரும்ப எடுத்து, திரும்பக் கேளுங்கள்

அதே இடம், அதே நேரம், ஒரே ஒரு மாற்றம். பல விஷயங்களை ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் கருத்துச் சொன்னவரிடமே "இப்ப கண் சரியோ அண்ணை?" என்று அனுப்புங்கள். நாய் கொட்டாவி விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்.