திருமலைக் கோச்சிப் பாதையை மொடலாகச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

இலங்கையில் கல்ஓயாச் சந்தியில் பிரிந்து, அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் பாதை 1927இல் திறக்கப்பட்டது. மலைநாட்டுப் பாதைக்கு இருக்கிற அளவு படமும் எழுத்தும் இதற்கு இல்லை. அதனால் இதை மொடலாகச் செய்ய இறங்குகிறவர் கிடைத்ததை எல்லாம் அள்ளிச் சேர்க்கப் பார்ப்பார். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டைத் தீர்மானிக்காமல் தேடத் தொடங்குவதுதான் பெரிய பிழை. சீனக்குடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தாங்கிகளை வைப்பார்கள். சரி, 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் குண்டு போட்டபோதே அவை அங்கே நின்றன. பக்கத்தில் பிரிமா மாவாலையையும் வைப்பார்கள். அது 1977க்குப் பிறகு வந்தது. நடுவில் எம்2 டீசல் எஞ்சின் ஓடும். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த அந்த எஞ்சின்கள் 1954க்கு முன் நாட்டிலேயே இல்லை. மேடையோரம் நீராவி எஞ்சின் புகை விட்டுக்கொண்டு நிற்கும். அகலப் பாதையில் (5 அடி 6 அங்குலப் பாதை) நீராவிக்காலம் 1960களின் கடைசியோடு ஒதுங்கிவிட்டது. ஒவ்வொன்றும் உண்மை, ஆனால் எல்லாம் சேர்ந்து நின்ற நாள் ஒன்று இருந்ததே இல்லை. என்னைக் கேட்டால் 1956ஐ ஒட்டிய காலம் நல்லது. நீராவியையும் டீசலையும் ஒரே மேசையில் ஓடவிடலாம், தாங்கிகளும் உண்டு, மாவாலை செய்யும் வேலையும் மிச்சம்.

எஞ்சின் தெரிவிலும் இதே கவனம் வேண்டும். கராட் எஞ்சின், அதாவது நடுவில் கொதிகலனும் இரு முனையிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதியும் கொண்ட நீராவி எஞ்சின், பார்க்க அழகுதான். ஆனால் அகலப் பாதைக் கராட் மலைநாட்டுப் பாதையில் கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களுக்கென்று வாங்கப்பட்டது. ‘இலங்கை ரயில்’ என்று தலைப்புப் போட்ட படமெல்லாம் திருமலைப் பக்கம் ஓடியதற்குச் சாட்சி ஆகாது.

ஆண்டு முடிவானாலும் ‘திறந்த தேதி’ என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது. கொழும்பு–அம்பேபுச பாதைக்கு 1858இல் முதல் மண் வெட்டினார்கள். 1864 டிசம்பர் 27இல் முதல் ரயில் ஓடியது. பொதுமக்கள் போக்குவரத்து 1865 ஒக்டோபரில்தான் தொடங்கியது. ஒருவர் 1864 என்பார், ஒருவர் 1865 என்பார், இருவரும் சரி. சிறிய பாதைகளில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். எந்தத் தேதியைக் கண்டாலும், அன்று நடந்தது என்ன என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடம் கையில் கிடைத்தால் அதை வைத்தே நிலையத்தின் தண்டவாளங்களைக் கீறத் தொடங்குவது அடுத்த பிழை. ஒரு மைலை ஒரு அங்குலத்தில் காட்டுகிற வரைபடம் அது. 400 மீற்றர் நீளமான நிலைய வளவு அதில் 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதற்குள் எத்தனை பக்கத் தண்டவாளம், எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்று யார் காட்டுவது? பாதை எப்படி வளைகிறது, குளமும் வயலும் எந்தப் பக்கம் என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட ஆண்டும் அளந்த ஆண்டும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

பயணிகளுக்கான நேர அட்டவணையும் பாதிக் கதைதான். அதில் சரக்கு ரயில் இருக்காது. ஊழியர்களுக்கென்று அச்சிடும் வேலை அட்டவணை கிடைத்தால் அது பொன். எந்த நிலையத்தில் எந்த ரயில் எதை விலத்தியது என்று அதில் தெரியும். விலத்துவதற்கு இரண்டாவது தடம் வேண்டும், ஆகவே நிலையத்தின் அமைப்பே அதிலிருந்து வெளிவரும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகிறவர்கள் ரயில் படத்தைத் தேடி நாளைக் கழிக்காமல், ரயில்வேப் பொது முகாமையாளரின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாசிக்க வறட்சிதான், ஆனாலும் தேடுகிற விஷயம் அந்த வறட்சிக்குள்தான் கிடக்கும்.

படங்களுக்கு வருவோம். பழைய படத்தில் மேடையின் உயரத்தை அறிய அதில் நிற்கும் ஆளை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்த ஆள் ஐந்தடியா ஆறடியா என்று யாருக்குத் தெரியும்? தண்டவாளமே படத்தில் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களின் உள் விளிம்புக்கும் இடையே 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். பாதையை நேராகப் பார்த்து எடுத்த படத்தில், ஓர் இடத்தில் அந்த அகலம் 20 மில்லிமீற்றர் என்று வைப்போம். அதே தூரத்தில் மேடை விளிம்பின் உயரம் 8 மில்லிமீற்றர் என்றால், மேடை ஏறக்குறைய 67 சென்ரிமீற்றர். அதே தூரம் என்பதுதான் முக்கியம். முன்னுக்கு நிற்கும் தண்டவாளத்தை அளந்து பின்னுக்கு நிற்கும் கட்டடத்தைக் கணக்கிட்டால் எல்லாம் குட்டையாகிவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறம் ஊகிப்பதும் ஆபத்து. பழைய ஓர்தோகுரோமற்றிக் பிலிம் சிவப்பை உணராது. சிவப்புப் பெட்டி கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப் போகும். இப்போது கணினி நிறம் பூசிய படங்கள் பேஸ்புக்கில் குவிகின்றன. அந்த நிறம் கணினியின் கற்பனை. அதைப் பார்த்துப் பெயின்ற் வாங்காதீர்கள். நெகற்றிவ் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கலாம் என்பதால் எஞ்சின் இலக்கத்தையோ பெயர்ப்பலகையையோ ஒருமுறை வாசித்துப் பார்ப்பதும் நல்லது.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதுதான் நாம் அதிகம் விடும் பிழை. “பெட்டி சிவப்புத்தானே ஐயா?” என்றால் “ஓமோம், சிவப்புத்தான்” என்பார், வீடு தேடி வந்த பிள்ளையை ஏன் மறுத்துப் பேசுவான் என்ற மரியாதை அது. ஆண்டைக் கேட்டாலும் தடுமாறுவார். “அம்பத்தெட்டுக் கலவரத்துக்கு முன்னமோ? அறுபத்துநாலு புயலுக்குப் பிறகோ?” என்று கேளுங்கள், டக்கென்று சொல்வார். இதைவிட நல்லது, கை வேலையைக் கேட்பது. ஒற்றைப் பாதையில் ரயில் போக அனுமதியாக டேப்லட் என்ற உலோக வில்லையைத் தோல் பையில் போட்டு வளையத்தில் கோத்துக் கொடுப்பார்கள். “தம்பலகாமத்தில அந்த வளையத்தை எந்தப் பக்கத்தால எட்டி வாங்குவீங்கள், ஐயா?” அவர் யோசிக்க முன்னமே ஒரு கை உயரும். நிலையக் கட்டடம் பாதைக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அந்தக் கை நல்ல சாட்சி.

அளவுக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. கடையில் விற்கும் 1:76 அளவு (உண்மையில் 76இல் ஒரு பங்கு) எஞ்சின்கள் 16.5 மில்லிமீற்றர்ப் பாதையில் ஓடுகின்றன. எங்கள் அகலப் பாதைக்கு அதே அளவில் 22 மில்லிமீற்றர் வேண்டும். 22இல் செய்தால் சக்கரம் முதல் எல்லாம் கைவேலை. 16.5இல் ஓட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஒடுங்கிய பாதையை வைத்து மேடையையும் பாலத்தையும் ஒடுக்க வேண்டாம். முழுப் பாதையையும் செய்யும் ஆசையும் வேண்டாம். ஏறக்குறைய 70 கிலோமீற்றர், 1:76இல் 900 மீற்றருக்கு மேல். ஒரு நிலையம் போதும்.

காட்சியமைப்பில் இங்கிலாந்துக் காட்டு மரங்களை வாங்கி நட்டுவிடுவார்கள். இங்கே பாலையும் வீரையும் பற்றைக்காடும்தான். தம்பலகாமம் என்றால் வயல், அதுவும் எந்தப் போகத்தில் என்று தெரிந்திருக்க வேண்டும்: பெரும்போக அறுவடைக்கு முன்னமா, பின்னமா?

இன்று நிற்பதை அளந்து அன்றையது என்று சொல்வதும் நடக்கிறது. வடக்கில் போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போய், பாதை முழுதாகப் புதிதாகப் போடப்பட்டது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் தலைமன்னாருக்கும் மீண்டும் ரயில் வந்தது. அங்கே போய் அளந்தால் புதிய பாதையைத்தான் அளப்பீர்கள். திருமலைப் பக்கத்திலும் ஒவ்வொரு கட்டடமாக விசாரித்தே சேருங்கள்.

அளக்கப் போகிறவர்கள் நிலைய அதிபரிடம் முதலில் கேளுங்கள். சீனக்குடாவில் விமானப்படை, துறைமுகப் பக்கம் கடற்படை. கேட்காமல் அளவுநாடாவை விரித்தால் பதில் சொல்லியே பொழுது போகும். கல்ஓயாவுக்கும் கந்தளாய்க்கும் இடையே யானைக்காடு, தண்டவாளத்தில் நடக்கவே வேண்டாம். ரிக்கெற் எடுத்து யன்னலோரம் இருந்து வீடியோ எடுங்கள். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மற்றப் பக்கம். வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.