வகுப்பில் காமிக்ஸ்: படத்தைத் தாண்டி ஓடாதீர்கள்

காமிக்ஸைக் கையில் கொடுத்தால் போதும், பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் பல வகுப்புகள் சறுக்குகின்றன. நாற்பது பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "படிச்சாச்சு" என்று நீட்டுவார்கள். பேச்சுக் குமிழில் இருந்ததைப் படித்திருப்பார்கள், படம் கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப் பழக்குவது நாம்தான். வசனத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆனால் காமிக்ஸில் கதையின் பெரும்பகுதி இரண்டு படக் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்று இடைவெளியில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் பையன் மரத்தின் உச்சாணிக் கிளையில் இருக்கிறான், அடுத்ததில் கையில் கட்டோடு படுத்திருக்கிறான். அவன் விழுந்ததை யாரும் வரையவும் இல்லை, எழுதவும் இல்லை, படிப்பவர் மனதில்தான் விழுந்தான். காமிக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதை 1993இல் காமிக்ஸாகவே வரைந்து விளக்கிய ஸ்காட் மெக்லவுட் இந்த இடைவெளியைப் பற்றி நிறையப் பேசினார். அங்கேதான் நிறுத்த வேண்டும். "நடுவில் என்ன நடந்தது? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். படமே இல்லாத பாடத்தைப் படிக்கும்போதும் சொல்லாததை ஊகிக்கும் இதே திறமைதான் வேண்டும், அதனால் ஒரு பாடவேளை முழுக்க இரண்டே பக்கம் நகர்ந்தாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு மட்டும் காமிக்ஸ், மற்றவர்களுக்கு 'நல்ல' புத்தகம் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது முத்திரையாகிவிடும். 1951 முதல் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு வாகனப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க, ஓவியர் வில் ஐஸ்னரின் காமிக்ஸ் பக்கங்களோடு ஒரு மாத இதழே நடத்தியது. அதைப் படித்தவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள்தானே.

எந்தக் காமிக்ஸைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பாடப்புத்தகப் பத்தியை அப்படியே வெட்டிக் குமிழ்களில் ஒட்டியவை நிறைய இருக்கின்றன. நீர்ச்சுழற்சி என்று ஒரு துளி சிரித்துக்கொண்டே "நான் ஆவியாகிறேன்" என்று சொன்னால் என்ன பயன்? வெயில் எங்கே, நீர்மட்டம் குறைந்ததா, ஆவி எங்கே போனது என்று படம் காட்ட வேண்டும். வரலாற்றுக் காமிக்ஸ் என்றால் இன்னொரு சிக்கல்: அரசனும் அமைச்சரும் பேசுவதில் பெரும்பாலானவை வரைந்தவர்களின் கற்பனை. எதற்குச் சான்று உண்டு, எது கதைக்காகச் சேர்த்தது என்று பிரித்துக் காட்டாவிட்டால் பிள்ளைகள் அந்த வசனத்தையே வரலாறு என்று மனதில் ஏற்றிக்கொள்வார்கள்.

கட்டங்களை எந்த வரிசையில் படிப்பது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜப்பானிய காமிக்ஸான மங்காவின் பல பதிப்புகள் மொழிபெயர்ப்பிலும் வலமிருந்து இடமாகவே ஓடும்.

பிள்ளைகளையே வரையச் சொல்லும்போது ஓவியத்துக்கு மதிப்பெண் போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. குச்சி மனிதர்கள் போதும். நான்கு கட்டம் கொடுத்து, எதை வரைந்தாய், எதை விட்டாய், ஏன் விட்டாய் என்று கேளுங்கள்.