மொட்டை மாடிக்கும் தோட்டத்துக்கும் வைஃபை எட்டணும்னா

ஹால்ல வைஃபை பறக்குது, மொட்டை மாடிக்கு ஏறினா ஒரே ஒரு கோடு, பின்னாடி கிணத்தடிக்குப் போனா அதுவும் இல்ல. உடனே கடைக்குப் போய் நாலு கொம்பு வச்ச பெரிய ரவுட்டர் குடுங்கன்னு காசைக் கொட்டிடாதீங்க. ரவுட்டர் எவ்வளவு சத்தமா கத்தினாலும் உங்க போன் பேசுறது அதுக்குத் திரும்பக் கேக்கணும்ல, போன்ல இருக்கிற ஆன்டெனா பொடிசு, பவரும் கம்மி. அதனாலதான் சில நேரம் போன்ல மூணு கோடு காட்டும், ஆனா ஒரு பேஜ்கூட ஓப்பன் ஆகாது.

மொதல்ல எது தடுக்குதுன்னு பாருங்க. கம்பி கட்டி கான்கிரீட் போட்ட தளம்தான் பெரிய வில்லன், செங்கல் சுவரைக் கூட சமாளிச்சிடலாம். அடுத்தது தகரக் கூரை, இரும்பு ஷட்டர், தண்ணி ரொம்பின டேங்க். போன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கிட்டு நடந்து பாருங்க, சிக்னல் பலத்தை டிபிஎம்னு ஒரு அளவுல காட்டும், மைனஸ் 60, 65னா ஜோரா இருக்கு, மைனஸ் 80க்குக் கீழ போயிட்டா வீடியோ காலை மறந்துடலாம். வைஃபை ஓடுற பேண்டுல (அலைவரிசை) வெளிய தூரம் போறது 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், 5 கிகாஹெர்ட்ஸ்ல வேகம் ஜாஸ்தி ஆனா சுவரைப் பாத்தாலே சுருண்டுரும். 2.4ல சேனல் 1, 6, 11 இதுல அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டருங்க எதுல கம்மியா இருக்கோ அதை வைங்க.

செலவில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு, ரவுட்டரை டிவிக்குப் பின்னாடி, பீரோவுக்குப் பக்கத்துல ஒளிச்சு வைக்காம மாடிப்படி பக்கமா உயரத்துல மாட்டுங்க. தளத்துல இருக்கிற பெரிய திறப்பே அந்தப் படிக்கட்டுதான், சிக்னலும் அது வழியா ஏறிப் போகும். ஃபைபர் கனெக்‌ஷனா இருந்தா வயரை மடக்கி இழுக்காதீங்க, உள்ள இருக்கிறது கண்ணாடி, கனெக்‌ஷன் குடுத்த ஆளையே கூப்பிட்டு நகத்தச் சொல்லுங்க.

ரிப்பீட்டர் வாங்கலாமான்னு கேட்டா, எனக்கு அவ்வளவா பிடிக்காது. ஒரே பேண்டுல வாங்கி அதே பேண்டுல திருப்பி அனுப்புற சின்ன டப்பான்னா வேகம் கிட்டத்தட்ட பாதியாயிடும். வாங்கியே தீரணும்னா சிக்னல் செத்துப்போன இடத்துல மாட்டாதீங்க (எல்லாரும் அங்கதான் மாட்டுறாங்க!), நல்லா வர்ற இடத்துல, பாதி வழியில மாட்டுங்க.

உருப்படியான வழின்னா கேபிள்தான். வீட்டு ரவுட்டர்ல இருந்து மாடிக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்து அங்க ஒரு அவுட்டோர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா பரப்புற டப்பா) மாட்டிட்டா கதை முடிஞ்சுது. வெயிலுக்குத் தாங்குற கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிளா கேளுங்க, வீட்டுக்குள்ள போடுற சாதா கேபிள் வெயில்ல வெடிச்சிடும். கடைக்காரர் காப்பர்னு சொல்லுவார், நுனியை பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது காப்பர் பூசின அலுமினியம், வேணாம். நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுவர்ல ட்ரில் போடும்போது ஓட்டை வெளிப்பக்கம் சரிஞ்சு இறங்கட்டும், கேபிளையும் ஓட்டைக்குக் கீழ கொஞ்சம் தொங்கவிட்டு அப்புறம் மேல ஏத்தி உள்ள விடுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும்.

கரன்ட்டுக்கு மாடியில பாயின்ட் எடுக்க வேண்டியதில்ல, பிஓஇ இருக்கிற மாடலா வாங்கினா அதே லேன் கேபிள்லயே கரன்ட் போயிடும், கேபிள்ல அந்தக் கரன்ட்டை ஏத்துற இன்ஜெக்டரை கீழ இன்வெர்ட்டர் லைன்ல சொருகிட்டா கரன்ட் கட்லயும் ஓடும். டப்பாவோட வந்த இன்ஜெக்டரையே போடுங்க, சிலது 24 வோல்ட், சிலது 48, மாத்திக் குத்தினா டப்பா போச்சு.

பழைய ரவுட்டர் சும்மா கெடந்தா அதையும் ஆக்சஸ் பாயின்ட்டா ஆக்கலாம், ஆனா மழை படாத மாடிப்படி ரூமுக்குள்ளதான் வைக்கணும். அதோட செட்டிங்ஸுக்குள்ள போய் ஐபியை (நெட்வொர்க்ல அதோட விலாசம்) மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்துங்க, மெயின் 192.168.1.1னா இது 192.168.1.2, அப்புறம் டிஹெச்சிபியை (போன் மாதிரி சேர்ற எல்லாத்துக்கும் ஐபி குடுக்கிற வேலை) ஆஃப் பண்ணிட்டு கேபிளை, நெட் லைன் குத்துற வேன் போர்ட்ல குத்தாம லேன் போர்ட்ல குத்துங்க. பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணா வைங்க, சேனல் மட்டும் வேற.

ஐப்பசி இடி மின்னலை மறந்துடாதீங்க. வெளிய போற காப்பர் கேபிள் மின்னலுக்கு ஒரு வாசல் மாதிரி, லேன் சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு பாயுற மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிவிடுற டப்பா) போட்டா எர்த் ஒழுங்கா குடுக்கணும், எர்த் இல்லாம அது சும்மா அலங்காரம். இடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேபிளையும் இன்ஜெக்டரையும் உருவிடறது இன்னும் நல்லது.

தோட்டத்து மோட்டார் ரூம் 200, 300 மீட்டர் தள்ளி இருந்தா லேன் கேபிள் ஆகாது. ரெண்டு பக்கமும் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் டப்பா (கேபிள் இல்லாம ரெண்டு இடத்தை இணைக்கிறது) வச்சு ஒண்ணையொண்ணு நேரா பாக்க வைங்க, நடுவுல தென்னை மட்டை ஆடக்கூடாது, காத்தடிக்கும்போதெல்லாம் லிங்க் விட்டு விட்டு வரும். மரம் ஜாஸ்தின்னா இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரா பாத்துப் பதிச்சு ரெண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளோட இணைக்கிற டப்பா) போட்டுடுங்க, மின்னல் அது வழியா வீட்டுக்குள்ள வராது. பதிக்கும்போது பைப்புக்குள்ள விட்டே பதிங்க, இல்லன்னா எலி விடாது.