டிரான்ஸ்பார்மர் குழி: தண்ணீரை இறைக்க வேண்டும், எண்ணெய் வெளியே போகக் கூடாது

சம்ப் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். இங்கே சொல்லப்போவது வேறு. தொழிற்சாலை யார்டில் டிரான்ஸ்பார்மரிலிருந்து கசியும் எண்ணெயைப் பிடித்து வைக்கக் கட்டும் சேகரிப்புக் குழி அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் குழி நிரம்பிவிடும். நிரம்பிய குழியில் எண்ணெய்க்கு இடமில்லை என்பதால் தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும். அப்படி இறைக்கும்போது மேலே மிதக்கும் எண்ணெயும் சேர்ந்து மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடுவதுதான் சிக்கல்.

பெரும்பாலான இடங்களில் ஃப்ளோட் ஸ்விட்ச் (மட்டம் ஏறினால் மிதந்து எழுந்து பம்பை ஆன் செய்வது) வைத்த ஒரு சப்மெர்சிபிள் பம்பை இறக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். ஃப்ளோட் தண்ணீரிலும் மிதக்கும், எண்ணெயிலும் மிதக்கும். அதற்கு வித்தியாசம் தெரியாது. இரவில் டிரான்ஸ்பார்மரின் ஒரு கேஸ்கெட் (மூட்டு அடைப்பு) விட்டுப்போனால், குழிக்கு வந்த எண்ணெயை அதே பம்ப் காலைக்குள் தெருவுக்குத் தள்ளிவிடும்.

வித்தியாசம் தெரிவது மின்கடத்தலில். குழித் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், டிரான்ஸ்பார்மர் எண்ணெய் கடத்தாது. எண்ணெயின் அடர்த்தி 0.88 அளவில் இருப்பதால் அது மேலே நிற்கும், தண்ணீர் அடியில் நிற்கும். பம்பை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோல் முழுவதும் இந்த இரண்டு குணங்களை நம்பியே இருக்கிறது. பழைய அஸ்கரெல் திரவம் (பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் கலந்தது) உள்ள டிரான்ஸ்பார்மருக்கு இது பொருந்தாது. அது தண்ணீரைவிடக் கனமானது, அடியில்தான் தங்கும். நேம் பிளேட்டில் அஸ்கரெல் அல்லது பி.சி.பி. என்று இருந்தால் அந்தக் குழியில் தானியங்கிப் பம்பே வைக்கக் கூடாது.

முதலில் கணக்கு. எண்ணெய் எத்தனை லிட்டர் என்று நேம் பிளேட்டில் இருக்கும். 500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழி 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்றால் பரப்பு 3 சதுர மீட்டர், ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 30 லிட்டர் கொள்ளும். அத்தனை எண்ணெயும் கொட்டினால் சுமார் 17 செ.மீ. படலமாக நிற்கும். பம்பை ஸ்டார்ட் செய்யும் மட்டத்துக்கு மேல், குழி விளிம்பு வரை இந்த 17 செ.மீ.யும் அதற்கு மேல் கொஞ்சமும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மழைக்கணக்கும் இதே மாதிரிதான்: 100 சதுர மீட்டர் யார்டில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் வரும், நிமிடத்துக்கு 83 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் சிறிய பம்ப் போதும். பெரிய பம்ப் வேண்டாம். அது சுழல் உண்டாக்கி மேலே உள்ள எண்ணெயைக் கீழே இழுக்கும், இம்பெல்லர் எண்ணெயையும் தண்ணீரையும் கடைந்து பால் மாதிரி ஆக்கிவிடும். அப்படிக் கலந்த எண்ணெயை எந்தப் புரோபும் (திரவம் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று பார்க்கும் கம்பி) கண்டுபிடிக்காது.

வாங்க வேண்டியவை: லெவல் ரிலே ஒன்று (கம்பி நுனியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கருவி. புரோபுக்கு ஏ.சி. அனுப்புவதாக இருக்க வேண்டும். டி.சி. என்றால் புரோப் சீக்கிரம் அரித்துப்போகும்), ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் 316 கம்பி இரண்டு (இவைதான் புரோப்), ஒரு கேபிள் ஃப்ளோட், தண்டில் ஏறி இறங்கும் சிறிய காந்த ஃப்ளோட் ஒன்று, கான்டாக்டர் (பம்புக்கு மின்சாரத்தைச் சேர்க்கும், துண்டிக்கும் ஸ்விட்ச்), ஓவர்லோட் ரிலே (பம்ப் அதிக மின்சாரம் இழுத்தால் நிறுத்துவது), ஹூட்டர் (அலாரம்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிப்பது). பம்பிலேயே ஃப்ளோட் கட்டி வந்திருந்தால் அதை எப்போதும் மேலே நிற்கும்படி கட்டிவிட்டு, ஸ்டார்ட்டை பேனலிலிருந்து கொடுங்கள்.

இரண்டு கம்பிகளில் நீளமானது பொதுக் கம்பி, குழியின் அடிவரை போகும். மற்றது தடுப்புக் கம்பி. அதன் நுனி, பம்ப் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கு 25 செ.மீ. மேலே நிற்க வேண்டும். இரண்டுக்கும் நுனியில் 2 செ.மீ. மட்டும் விட்டு மீதியை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். காந்த ஃப்ளோட்டைத் தடுப்புக் கம்பியின் நுனிக்கு 5 செ.மீ. மேலே வையுங்கள். கேபிள் ஃப்ளோட்டை அதற்கு 40 அல்லது 50 செ.மீ. மேலே, ஸ்டார்ட் மட்டத்தில் கட்டுங்கள்.

இனி ஒயரிங். கேபிள் ஃப்ளோட்டின் கான்டாக்டும் கான்டாக்டரின் ஹோல்டிங் கான்டாக்டும் (ஃப்ளோட் இறங்கிய பிறகும் கான்டாக்டரைப் பிடித்து வைப்பது) பேரலல். இந்த ஜோடிக்கு சீரிஸாக லெவல் ரிலேயின் என்.ஓ. (தண்ணீர் இருக்கும்போது மட்டும் மூடும் கான்டாக்ட்), பிறகு ஓவர்லோட், பிறகு கான்டாக்டரின் காயில். ஃப்ளோட் மேலே வந்து, தடுப்புக் கம்பியும் தண்ணீரில் இருந்தால் பம்ப் ஓடும். மட்டம் இறங்கி அந்தக் கம்பி காற்றைத் தொட்டாலும் எண்ணெயைத் தொட்டாலும் ரிலே விழும், பம்ப் நிற்கும். மறுபடி ஓட ஃப்ளோட் மேலே வர வேண்டும் என்பதால் கான்டாக்டர் படபடவென்று அடிக்காது.

அலாரம் தனி. காந்த ஃப்ளோட்டின் கான்டாக்டுக்கு சீரிஸாக ரிலேயின் என்.சி. (தண்ணீர் இல்லாதபோது மூடும் கான்டாக்ட்), அதிலிருந்து ஹூட்டர். பம்ப் நின்ற பிறகும் காந்த ஃப்ளோட் மேலேயே நிற்கிறது, ஆனால் 5 செ.மீ. கீழே தண்ணீர் இல்லை என்றால், நடுவில் இருப்பது எண்ணெய்தான். பலரும் அலாரத்தை ஸ்டார்ட் ஃப்ளோட்டிலேயே எடுத்துவிடுகிறார்கள். அப்போது 17 செ.மீ. எண்ணெய் சேர்ந்தாலும் ஹூட்டர் அடிக்காது, படலம் 40 செ.மீ. தாண்ட வேண்டும். அலாரத்துக்கென இரண்டாவது ஃப்ளோட் வைப்பது இதற்காகத்தான்.

மேனுவல் ஸ்விட்ச் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மேனுவலில் போட்டாலும் மின்சாரம் லெவல் ரிலே வழியாகத்தான் போக வேண்டும். ‘மழை நேரத்தில் அவசரம்’ என்று நேரடியாக ஒரு பைபாஸ் கொடுத்தால், ஒருநாள் யாரோ அதை ஆன் செய்து அப்படியே விட்டுப் போய்விடுவார்கள்.

தப்பு எங்கே வரும்? புரோப் ஒயர் அறுந்தால் ரிலே அதை எண்ணெய் என்றே எடுத்துக்கொண்டு பம்பை நிறுத்தும். குழி நிரம்பும், ஆனால் பம்ப் வழியாக எண்ணெய் போகாது. ஆபத்து எதிர்ப் பக்கம் இருக்கிறது: குழிக்குள் போட்ட ஜாயின்ட்டில் ஈரம் ஏறினாலோ, இரண்டு கம்பிக்கும் இடையே சேறு பாலம் கட்டினாலோ ரிலே எப்போதும் ‘தண்ணீர்’ என்றே சொல்லும். எண்ணெயையும் இறைக்கும். குழிக்குள் ஜாயின்ட்டே போடாதீர்கள். கேபிள் ஒரே துண்டாக வெளியே உள்ள பெட்டி வரை வரட்டும்.

புரோபைப் பாதுகாக்கப் பி.வி.சி. குழாய்க்குள் விடுவது நல்லதுதான். ஆனால் குழாய் அடியில் மட்டும் திறந்திருந்தால் உள்ளே வருவது தண்ணீர் மட்டுமே. வெளியே 20 செ.மீ. எண்ணெய் நின்றாலும் கம்பிக்குத் தெரியாது. குழாய் நெடுக 5 செ.மீ.க்கு ஒன்றாக 10 மி.மீ. துளை போடுங்கள்.

மழைநீர் போர் தண்ணீரைப் போல நன்றாகக் கடத்தாது. போர் தண்ணீரில் செட் செய்த ரிலே, புது மழைத் தண்ணீரை எண்ணெய் என்று நினைத்து பம்பை நிறுத்திவிடும். ஒரு வாளி மழைத் தண்ணீரில் புரோபை வைத்து, ரிலேயின் எல்.இ.டி. எரியும் வரை அதன் உணர்திறன் குமிழைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் கூட்டி விடுங்கள்.

டெலிவரி பைப் குழியின் மட்டத்துக்குக் கீழே போய் முடிந்தால், பம்ப் நின்ற பிறகும் சைஃபனாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், பின்னாலேயே எண்ணெயும் போகும். என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) இதைத் தடுக்காது. பைப்பின் உச்சி வளைவில் காற்று நுழைய ஒரு வென்ட் வேண்டும்.

பங்குனி, சித்திரை வெயிலில் குழி வற்றுவதையும் கவனியுங்கள். வற்றிய குழியில் எண்ணெய் கசிந்தால் அது பம்பின் உள்ளேயே போய் உட்காரும். அடுத்த மழையில் பம்ப் எடுத்த எடுப்பில் தள்ளுவது அந்த எண்ணெயைத்தான். கோடையில் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து, உறிஞ்சும் வாய் மூழ்கி அதற்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி ஊற்றி வையுங்கள்.

சோதனைக்குக் குழியில் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. குழியில் பம்புக்குப் போதிய தண்ணீர் இருக்கும்போது, 20 லிட்டர் வாளியில் பாதிக்குத் தண்ணீரும் அதன் மேல் 3 லிட்டர் டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் ஊற்றி, இரண்டு புரோபுகளையும் அதில் இறக்குங்கள். ஸ்டார்ட் ஃப்ளோட்டைக் கையால் தூக்கினால் பம்ப் ஓட வேண்டும். தடுப்புக் கம்பியை மெல்ல எண்ணெய்க்குள் உயர்த்தினால் இரண்டொரு விநாடியில் நிற்க வேண்டும். காந்த ஃப்ளோட்டைத் தூக்கினால் ஹூட்டர் அடிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் இதை முழுதாகச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை, பம்ப் ஓடும்போது கம்பியைக் காற்றில் தூக்கி அது நிற்கிறதா என்று பாருங்கள். ஈரம் ஏறிய ஜாயின்ட்டும் சேறும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

புரோப் தடுப்பது படலமாக நிற்கும் எண்ணெயை மட்டுமே. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986, எண்ணெயும் கிரீஸும் நீர்நிலைக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடையில் 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. புரோப் அந்த அளவைக் காட்டாது. ஏரி, ஓடை பக்கத்தில் இருந்தால் பம்புக்குப் பின் ஒரு எண்ணெய் பிரிப்புத் தொட்டியும் கட்டுங்கள்.

ஹூட்டர் அடித்தால் முதலில் பம்பின் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்து பூட்டுங்கள். மேலே உள்ள எண்ணெயை வாரி பேரலில் எடுங்கள். சோப்புத் தூள் போட்டுக் கழுவாதீர்கள், எண்ணெய் கலங்கித் தண்ணீரோடு போய்விடும். எடுத்த எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அபாயக் கழிவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் படிவம் 10 (கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற சீட்டு) எழுதி அனுப்ப வேண்டும். கசிவை அடைத்த பிறகு புரோப் நுனிகளைத் துணியால் துடைத்து, வாளிச் சோதனையை மறுபடி செய்து பார்த்துவிட்டு ஐசொலேட்டரின் பூட்டை எடுத்து ஆன் செய்யுங்கள்.