மறுநாளே வளர்ந்த காலனியை நம்பாதீர்கள்

பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சத்தாக்கித் தரும் பாக்டீரியா ரைசோபியம். இந்த வேர்முடிச்சு பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் காட்டும் வளர்ப்புத் தட்டுகளில், நான் அன்று செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. கையைச் சுத்தமாக வைப்பது, தட்டை மூடுவது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முடிச்சுக்குள் இருப்பதெல்லாம் ரைசோபியம் என்று எண்ணுவது

சோயா முடிச்சுகளை, வெளிக் கிருமி போக, ஆல்கஹாலிலும் ஹைப்போகுளோரைட்டிலும் முக்கி, பலமுறை கழுவி, நசுக்கித் தட்டில் இழுத்தேன். கடைசியாகக் கழுவிய நீரையும் தனித் தட்டில் விட்டுப் பார்த்தேன், எதுவும் வளரவில்லை. அதுவரை சரி. மறுநாளே பெரிய, வறண்ட, ஓரம் நெளிந்த காலனிகள் (பாக்டீரியாத் திட்டுகள்) வந்துவிட்டன. ஒன்றை எடுத்துச் சேமித்துவிட்டுத் தட்டைக் கழித்துவிட்டேன்.

சோயாவில் முடிச்சு போடும் ரைசோபிய இனமான பிராடிரைசோபியம் கண்ணுக்குத் தெரியவே 5 முதல் 7 நாள் ஆகும். அப்போதும் குண்டூசித் தலை அளவுதான். நான் எடுத்தது பேசில்லஸ். பேசில்லஸ், சூடோமோனாஸ், என்டரோபாக்டர் எல்லாம் முடிச்சின் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாது.

அதோடு நின்றிருந்தால் ஒரு வாரம்தான் வீண். அப்புறம் அதை விதையில் கலந்து, கிருமி நீக்காத மண்ணில் செடி வளர்த்தேன். வேர் நிறைய முடிச்சு. வெட்டினால் உள்ளே, வேலை செய்யும் முடிச்சில் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற நிறப்புரதத்தின் இளஞ்சிவப்பு. என் பாக்டீரியா வேலை செய்கிறது என்றே எழுதி வைத்தேன். எதுவும் கலக்காத தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வைக்கவில்லை. அடுத்த பருவத்தில் வைத்தபோது அதிலும் அதே அளவு முடிச்சு! மண்ணில் ஏற்கெனவே இருந்த ரைசோபியம் செய்த வேலை அது. ஒரு வருட உழைப்பு போயிற்று. யாராவது 24 மணி நேரத்துத் தட்டை நீட்டினால் இன்றும் எரிச்சல் வருகிறது.

தட்டைப் பத்து நாளாவது வைத்திருங்கள். காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் ரைசோபியம் பெரும்பாலும் வெளுத்தே நிற்கும்; அதைப் போலவே தோன்றும் உறவுக்கார பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியம் சாயத்தை இழுத்துச் சிவக்கும். ஆனால் அது துப்பு மட்டுமே. கிருமி நீக்கிய மணலில், நைட்ரஜன் இல்லாத சத்துக் கரைசல் ஊற்றி, அதே பயிரில் முடிச்சு வர வேண்டும். கலக்காத செடியில் வரக் கூடாது. வந்த முடிச்சிலிருந்து அதே பாக்டீரியா திரும்பக் கிடைத்தால்தான் பெயர் எழுதலாம்.

துணை பாக்டீரியாவைத் தூக்கி எறிவது

எறியாதீர்கள். சில பேசில்லஸ் வகைகள் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து வேரைக் கிளைக்க வைக்கும். ரைசோபியத்தோடு சேர்த்தால் முடிச்சு கூடுவதும் உண்டு. சரியான பெயரில் சேமியுங்கள்.

தட்டில் நடந்த சண்டையை மண்ணுக்கும் பொருத்துவது

தட்டில் ரைசோபியத்தை அடக்கும் சூடோமோனாஸ், வேரருகே அடக்காமலும் போகலாம். தொட்டியில் பாருங்கள்.

நைட்ரேட் மிகுந்த மண்ணில் சோதிப்பது

செடிக்கு நைட்ரஜன் மண்ணிலேயே கிடைத்துவிடுவதால் முடிச்சு குறையும். பழி பாக்டீரியா மேல் விழும்.

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மறப்பது

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகும். அதற்கு மணிச்சத்து வேண்டும். மணிச்சத்து குறைந்த மண்ணில் அதை வேருக்குப் பெருமளவு கொண்டுவருவது, வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சை. ஒரு தொட்டியில் பூஞ்சை இருந்து மற்றதில் இல்லாவிட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ரைசோபியங்களை அல்ல.