பழைய கேபின் படகு வாங்கியாச்சா? மெத்தையை விடுங்கள், முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

பழைய கேபின் க்ரூஸர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மெத்தை உறையைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதுத் துணிக்கு விலை விசாரிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். 1987இல் கட்டிய 26 அடிப் படகு, ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஒரு படகுத்துறையின் மூலையில் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது, விலையும் மலிவு. நீல நிறத்தில் ஆசை ஆசையாகப் புது மெத்தை தைத்துப் போட்டேன். ஜூனில் ஒரு பெரிய மழை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மெத்தை ஓரத்தில் டிகாக்ஷன் கொட்டிய மாதிரி ஒரு பழுப்பு வளையம். மேலே டெக்குக்குள், அதாவது படகின் மேல்தளத்துக்குள், அழுகிக்கொண்டிருந்த மரத்தின் சாறு அது.

அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: தண்ணீர் நுழையும் வழி, பெட்ரோல் கசியும் வழி, வயர் சூடாகும் வழி, இந்த மூன்றையும் முடிக்கும்வரை துணிக்கடைப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் டெக். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த ஃபைபர் கிளாஸ் படகுகளில் டெக் என்பது பெரும்பாலும் சாண்ட்விச் மாதிரி: மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ. எடை குறைவு, விறைப்பு அதிகம், நல்ல யோசனைதான். ஆனால் கயிறு கட்டும் கிளீட், கைப்பிடிக் கம்பி, ஜன்னல் சட்டம் என்று எதை மாட்டினாலும் அந்தத் தோலில் ஓட்டை போட்டுத்தான் மாட்ட வேண்டும், ஓட்டையைச் சுற்றிப் பூசிய பசை பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து வெடித்துவிடும், அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியே வர வழியில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கணீரென்று வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. 'தொப்' என்று மழுங்கினால் அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். என் படகில் முன்பக்கக் கிளீட்டிலிருந்து ஆரம்பித்த கோடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட்டு நின்றது. காலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் இடம் இருந்தால் தட்டவே தேவையில்லை, அங்கே கதை முடிந்துவிட்டது.

இஞ்சின் தொங்கும் பின்பலகையையும், அடியில் இஞ்சினைத் தாங்கும் நீளக் கட்டைகளையும் இதே மாதிரி பாருங்கள். சந்தேகம் வந்தால் உள்பக்கத்திலிருந்து எட்டில் ஒரு அங்குல டிரில் பிட்டால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள், வெளித்தோலைத் தாண்டக் கூடாது. வரும் தூள் வெளிர் நிறமாக, உலர்ந்து இருந்தால் ஓட்டையை எபாக்ஸியால் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) அடைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் இஞ்சினையே வெளியே எடுக்கும் வேலை அது. இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், வேறு படகு கிடைக்கும்.

டெக்கைத் திறக்கும் வேலையை வீட்டிலேயே செய்யலாம், பயப்பட வேண்டாம். மேல் தோலின் கனம் மட்டும் இறங்கும்படி ரம்பத்தின் ஆழத்தை வைத்து, கோடு போட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி, தோலை மூடி மாதிரி தூக்குங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திரும்ப ஒட்டப் போவதே அதைத்தான். உள்ளே இருப்பது ஊறிய சாக்குத்தூள் மாதிரி கையோடு வரும். உலர்ந்த, வெளிர் நிற மரம் வரும்வரை சுரண்டுங்கள். வட்டம் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் போகும். பிறகு மின்விசிறியைத் திருப்பி வைத்து நாலைந்து நாள் காய விடுங்கள். ஈரத்தின் மேல் எபாக்ஸி ஒட்டாது. சிலர் வெட்டாமலேயே ஓட்டைகள் போட்டு ஊசியால் எபாக்ஸியைச் செலுத்தச் சொல்வார்கள், அழுகிய ஈர மரத்துக்குள் அது பரவாது, காசுதான் வீண்.

எபாக்ஸி கலப்பதில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் வேகமாக இறுகக் கொஞ்சம் கூடுதலாக ஹார்டனர் ஊற்றிப் பழகியவர்கள் எபாக்ஸியிலும் அதையே செய்வார்கள். இங்கே அது நடக்காது. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு 205 ஹார்டனர் என்றால் ஐந்துக்கு ஒன்று, அவ்வளவுதான். கூட்டினால் இறுகாது, சூயிங்கம் மாதிரி பிசுபிசுவென்று நிற்கும். கலந்ததை ஆழமான கப்பில் விட்டுவிட்டு போன் பேசப் போகாதீர்கள். நான் போனேன், திரும்பி வந்தபோது கப் உருகிப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அகலமான தட்டில் பரப்பி வைத்தால் சூடு ஏறாது, நேரமும் கிடைக்கும்.

அதே கனத்தில் புது பால்சாத் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீராய் இருக்கும் எபாக்ஸியை முதலில் துண்டிலும் தளத்திலும் தடவி ஊற விடுங்கள், அதன் மேல் சிலிக்கா தூள் சேர்த்துத் துவையல் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பூசி அழுத்துங்கள். சட்னிப் பதத்தில் விட்டால் ஓரத்தில் வழிந்து கேபினுக்குள் சொட்டும். மேலே பழைய தோல், அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் செங்கல்லோ பெயிண்ட் டப்பாவோ. ஓரத்தை இணைக்க இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்க்க வேண்டும், தோலின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்கு. எட்டில் ஒரு அங்குலத் தோலுக்கு ஒன்றரை அங்குலம். அந்தப் பள்ளத்தில் ஃபைபர் துணியை அடுக்கடுக்காகப் போட்டு நிரப்புங்கள். இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், உப்புத்தாள் போடுமுன் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் தேய்த்தால் அது உள்ளேயே இறங்கிவிடும், மேலே அடிக்கும் பெயிண்ட் உரியும். இவ்வளவுக்கும் வெளியே 10 டிகிரிக்கு மேலாவது வெயில் இருக்க வேண்டும், அக்டோபர் கடைசியில் ஆரம்பித்துவிட்டு எபாக்ஸியைத் திட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: மறுபடி தண்ணீர் போகாமல் மாட்டுவது. கிளீட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு ஓட்டையையும் பெரிதாக்கி, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றியிருக்கும் மரத்தைக் கொஞ்சம் குடைந்தெடுத்து, அந்தக் குழியைக் கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவுக்குத் திரும்ப ஓட்டை போடுங்கள். இனி தண்ணீர் உள்ளே வந்தாலும் எபாக்ஸிக் குழாய் வழியாகக் கேபினுக்குள் சொட்டுமே தவிர மரத்தைத் தொடாது. சொட்டினால் உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும். ஓட்டையின் வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் அடைப்புப் பட்டை) போல்ட்டின் கழுத்தில் சுற்றி மாட்டுங்கள். கீழேயிருந்து நட்டைத்தான் திருக வேண்டும், போல்ட்டைத் திருகினால் பசை அறுந்துபோகும். ஒரே நாளில் முழுக்க இறுக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டேப் மெதுவாகப் பிதுங்கி வெளியே வரும், அதை நகத்தால் கிள்ளி எடுத்துவிடலாம்.

சிலிகானை டெக் பக்கம் கொண்டுவராதீர்கள். அது போன இடத்தில் அப்புறம் எதுவுமே ஒட்டாது. த்ரீஎம் 5200 என்று ஒரு பசை இருக்கிறது, பிரமாதமாக ஒட்டும், ஆனால் பிறகு கழற்ற நினைத்தால் ஜெல்கோட்டையும், அதாவது ஃபைபரின் வெளிப் பளபளப்புப் பூச்சையும், பிய்த்துக்கொண்டு வரும். என்றைக்கும் கழற்றப் போவதில்லை என்ற இடத்துக்கு மட்டும் அது. அக்ரிலிக் ஜன்னலுக்குப் பாலிசல்ஃபைட் பசை போடாதீர்கள், பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

அடுத்தது அடிவயிறு, அதாவது பில்ஜ். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் கிளாம்ப் பட்டை ஸ்டெயின்லெஸ்தான் என்று தோன்றும், அதன் திருகு வெறும் இரும்பாக இருக்கும். காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அப்படிப்பட்டதைத் தூக்கிப் போடுங்கள். வால்வுகள் கையால் திறந்து மூட வர வேண்டும். வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கூம்பு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தானியங்கிப் பில்ஜ் பம்பு மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் ஓட வேண்டும், அதனால் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸோடு நேராக இழுங்கள். என் படகில் முந்தைய ஆள் அதை மெயின் ஸ்விட்சுக்குப் பின்னால் மாட்டியிருந்தார், அதாவது ஆள் வீட்டுக்குப் போனால் பம்பும் வீட்டுக்குப் போய்விடும்.

பெட்ரோல் இஞ்சினில் விளையாட்டு வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, நேராகப் பில்ஜில் போய்ப் படுத்துக்கொள்ளும். காரில் கீழே திறப்பு இருக்கும், படகில் கிடையாது. அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ப்ளோயரை (பில்ஜ் காற்றை வெளியே தள்ளும் விசிறி) 4 நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். கார் கடையில் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் பாதி விலைக்குக் கிடைக்கும், பார்க்க அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். படகுக்கு உரியதில் தீப்பொறி வெளியே வராமல் அடைத்திருப்பார்கள், காருக்கு உரியதில் அது இருக்காது. அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் காசு, கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸை உலர்ந்த துணியால் துடைத்து மோந்து பாருங்கள், வாடை ஏறினால் ஹோஸ் முடிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதற்கு முன் செய்த ஹோஸ் என்றால் மோந்துகூடப் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

வயரிங். டாஷ்போர்டைத் திறந்ததும் பயம் வர வேண்டும், வராவிட்டால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. என்னுடையதில் வீட்டுச் சுவருக்குள் போடும் திருகு மூடிகளால் பதினொரு இணைப்பு. படகு அதிர்வில் அவை தளரும், ஈரத்தில் செம்பு கறுத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள், உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் முனைகளை நல்ல கிரிம்பரால் (முனையை வயரோடு நசுக்கும் கருவி) அழுத்துங்கள். வயரின் கனத்தைப் பார்க்கும்போது போக வர இரண்டு தூரத்தையும் கூட்டுங்கள். முன்விளக்குக்கு 15 அடி என்றால் கணக்கு 30 அடி. அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி, வழிகாட்டும் விளக்கு, ப்ளோயர் போன்றவற்றுக்கு 3 சதவீத வோல்டேஜ் இழப்புக்கு மேல் விடாது, கேபின் விளக்கு மாதிரி சில்லறைக்கு 10 சதவீதம். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பாற்றுவது வயரைத்தான், விளக்கை அல்ல. பேட்டரி நெகட்டிவுக்குக் கறுப்பு வேண்டாம், மஞ்சள் வயர் போடுங்கள். வட அமெரிக்க 120 வோல்ட்டில் கறுப்புதான் உயிருள்ள வயர், இரண்டும் ஒரே படகில் ஓடும்போது குழம்பினால் ஆள் காலி. கரை மின்சாரம் வரும் 30 ஆம்ப் சாக்கெட்டில் பழுப்புக் கருகல் தெரிந்தால் நானும் கைவைக்க மாட்டேன், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன்.

இஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் டிரைவ், அதாவது இஞ்சின் சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பின்பக்கப் பாகம், ஓஎம்சி என்றால் உதிரிபாகம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், அந்தக் கம்பெனி 2000இல் திவாலாகிவிட்டது. மெர்க்ரூஸர் ஆல்ஃபா ஒன் என்றால் கவலை குறைவு. பின்னால் டிரைவையும் படகையும் இணைக்கும் ரப்பர் உறையான பெல்லோஸின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள், விரிசல் என்றால் உடனே மாற்ற வேண்டும், கட்டிப் போட்ட இடத்திலேயே படகு மூழ்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் பம்பு இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்றுங்கள். நல்ல தண்ணீர் ஏரியில் துத்தநாக அனோடு (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு வேலை செய்யாமல் நின்றுவிடும், மெக்னீசியம் போடுங்கள்.

கழிவறைக் குழாய் நாறுகிறதா என்று சந்தேகமா? வெந்நீரில் நனைத்த துணியை அதன் மேல் சுற்றி ஆற விட்டு, துணியை மோந்து பாருங்கள். பிறகு சாப்பிட உட்காராதீர்கள்.

இனி அழகு. மங்கிய ஜெல்கோட்டைத் தண்ணீரால் நனையுங்கள், பழைய நிறம் திரும்பத் தெரிந்தால் பெயிண்ட் வேண்டாம், காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் போதும். அடிப்பாகத்தின் பழைய பெயிண்டை மட்டும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அதில் செம்பு இருக்கும், பழைய அடுக்கில் இப்போது தடை செய்யப்பட்ட வெள்ளீயச் சேர்மம்கூட இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, நல்ல முகமூடி போட்டு, விழுவதைத் தாளில் பிடியுங்கள். மெத்தைக்குக் கீழே காற்றோடும்படி சட்டகம், தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம். இப்போது போய்த் துணி வாங்குங்கள், நீலமோ எதுவோ.

மே மாதம் படகைத் தண்ணீரில் இறக்கும் நாளில், தூக்கும் இயந்திரத்தை ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: படகு மிதந்தாலும் தூக்கும் பட்டையைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிடம் அப்படியே பிடித்திருங்கள் என்று. அவர் முகம் சுளிப்பார். நீங்கள் டார்ச்சும் ஒரு டிஷ்யூ சுருளும் எடுத்துக்கொண்டு பில்ஜுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு வால்வையும், பெல்லோஸின் உள்பக்கத்தையும், ஒவ்வொரு கிளாம்ப்பையும் புதுத் துண்டால் துடையுங்கள். துண்டு நனைந்தால் மேலே எட்டிப் பார்த்து, தூக்குங்க என்று கையைக் காட்டுங்கள். நான் முதல் தடவை இரண்டு முறை காட்டினேன்.